அலுவிகாரைப் பாலத்தில் இரண்டு கண்ணிவெடி

என் வயதுக்காரர்களே, உங்களில் அநேகமாக எல்லோரும் ஃபோனில் சுட்டு விளையாடுகிறவர்கள்தான். விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்துகொண்டு என்னையும் கூப்பிடுகிறீர்கள். நான் வராததை வைத்து என்னை ஒரு நல்ல பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒன்பதாம் ஆண்டின் கடைசித் தவணையிலிருந்து பத்தாம் ஆண்டின் முதல் தவணை வரைக்கும் நான் யாரென்று கேட்டிருந்தால், மாத்தளை டவுனில் நான்கு பேர் ஒரே மாதிரிப் பதில் சொல்லியிருப்பார்கள். டாங்கி அடிக்கிறவன்.

சனிக்கிழமை வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடியும். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற பஸ் நாலு மணிக்குத்தான். இடையில் இருக்கும் நாலு மணித்தியாலத்துக்கு டவுனில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. வகுப்பை மாஸ்டர் பூட்டிவிடுவார். ஸ்டாண்டில் நின்றால் தோட்டத்து ஆட்கள் யாராவது கண்டு, “ஒங்க மவன் ஸ்டாண்டுல சுத்துறான்” என்று அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சுத்துகிற உரிமை எனக்கு இல்லை.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை, போட்டோக் கொப்பி எடுக்கிற சாட்டில் நானாவின் கடைக்குள் ஒதுங்கினேன். நானா என்றால் என் அண்ணன் இல்லை. கடைக்காரர் முஸ்லிம், டவுனில் எல்லோரும் அவரை அண்ணன் என்கிற அர்த்தத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்னால் கொப்பி மெஷினும் ரீலோட் மேசையும். பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. பலகை அடித்துப் பிரித்த ஐந்து கூடு, ஐந்து கம்பியூட்டர். பக்கத்துக் கடையில் கராம்பு மூட்டை அடுக்கியிருந்ததால் அந்த அறையில் எப்போதும் கராம்பும் சூடான வயரும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மூக்கு அரிக்கிறது.

நாலு கூட்டில் நாலு பையன்கள் இருந்தார்கள். ஐந்தாவது பையன் கொழும்புக்குப் போய்விட்டானாம். நானாவின் மகன் திரும்பிப் பார்த்து, “டேய், இங்க வாங்க, ஆள் கொறையுது” என்றான். நான் அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகம். அவன்தான் என் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தான்.

“உனக்கு மிச்சம் இருக்கிறது இது ஒண்டுதான். ரொக்கெட் லோஞ்சர். ரெண்டே ரெண்டு ரொக்கெட். ஆக்களுக்கு அடிக்கக் கூடாது, விளங்குதோ? டாங்கிக்கு மட்டும்தான்.”

“ஆளு கிட்ட வந்துட்டா?”

“செத்துப் போ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது பகிடி இல்லை, அதுதான் அந்த வேலையின் சட்டம்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாங்கியின் முன்பக்க இரும்பு தடிப்பு. முன்னால் நின்று அடித்தால் ரொக்கெட் தெறித்துவிடும். என்ஜின் இருப்பது பின்னால், அங்கேதான் அடிக்க வேண்டும். அப்படியென்றால் அது உன்னைத் தாண்டிப் போகும் வரைக்கும் நீ கானுக்குள், ரோட்டோரத் தண்ணீர்ப் பள்ளத்துக்குள், குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். அது உன்னைத் தாண்டி உன் கூட்டாளிகளிடம்தான் போகும். அவர்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். “அடிடா, அடிடா!” என்று காதுக்குள் கத்துவார்கள். நீ அசையக் கூடாது. ஒரு தடவை அடித்தால் புகை எழும்பும். நீ இருக்கிற இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உனக்கு ஆயுள் மூன்று செக்கன்.

இந்த வேலைக்கு ஆள் கிடைக்காதது ஆச்சரியமில்லை. எனக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஐந்து பேர் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து சரிந்தால், அவர் எழும்பும் வரை காலை நீட்டாமல் மடக்காமல் மூலையில் கிடக்க எனக்குத் தெரியும். என் ஹெட்போனில் வலது காது மட்டும்தான் வேலை செய்தது. டாங்கி எந்தத் திசையில் வந்தாலும் எனக்கு வலது பக்கமாகவே வரும். சங்கிலி அரைக்கிற சத்தம் முதலில் பல்லில் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

“இவன் மனுசன் இல்லையடா, கல்லு,” என்றான் கச்சேரிப் பையன். என் வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எதிரில் விளையாடுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, நாங்கள் கண்டதில்லை. கேமில் இருந்த ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அவசரத்துக்கு ‘அந்தப் பாலம்’, ‘இந்தப் பாலம்’ என்று கத்தினால் யாருக்கும் புரியாது. அதனால் எங்கள் பெயர்களை வைத்துக்கொண்டோம். பாறைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருந்தது, அது விகாரை. அதன் பக்கத்துப் பாலம் அலுவிகாரைப் பாலம். டாங்கி இறங்கி வருகிற மேடு யட்டவத்தை. வரைபடத்தின் ஒரு மூலை ஒன்றுமில்லாத வெளி, அங்கே போய் விழுந்தால் சண்டை நடக்கிற இடத்துக்கு நடந்து வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அது லக்கல.

“எங்கடா நிக்கிறாய்?”

“லக்கலயில.”

“பஸ் இல்ல, நடந்து வாங்க மகன்,” என்பான் நானாவின் மகன். “யான வந்தா செல்லுங்க, ரொக்கெட் இவன்ட கையில இரிக்கி.”

வார நாட்களில் எனக்குக் கம்பியூட்டர் கிடையாது. அதனால் வரைந்தேன். வகுப்புக்குக் கொண்டு போகிற அதே விஞ்ஞானக் கொப்பிதான். முன்னாலிருந்து பாடம், பின்னாலிருந்து கேம். அடிமட்டம் வைத்து ரோடு போட்டேன். டாங்கி வருகிற வழிக்குச் சிவப்பு அம்பு. கூட்டாளிகள் புதைக்கிற கண்ணிவெடிக்குப் பெருக்கல் அடையாளம். நான் படுக்கிற இடத்துக்கு ஒரு வட்டம். பக்கத்தில் மணிமணியாகக் குறிப்பு.

அப்பாவுக்கு அது பெரிய சந்தோஷம். என்னவென்று தெரியாத சந்தோஷம். அவரைப் பொறுத்தவரை படிப்பு என்றால் குனிந்து எழுதுவது. எவ்வளவு குனிகிறேனோ அவ்வளவு படிப்பு. வேலை முடிந்து வந்தால் எனக்கு எதிரில் உட்கார்ந்து பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். தங்கச்சிமார் சத்தம் போட்டால், “கத்தாதீங்கடி, அண்ணன் எழுதுறான்ல” என்று அதட்டுவார்.

ஒரு நாள் சிவப்பு அம்பின் மேல் விரலை வைத்து, “இது என்னா?” என்றார்.

“பூமிசாத்திரம்.”

“நம்ம ஊரா?”

“நம்ம ஊருதான்.”

மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நின்று, மாத்தளை ஜில்லாவையே தன் மகன் கையால் வரைந்து வைத்திருப்பதாகச் சொன்னாராம். அம்மா வந்து சொன்னாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான் திருத்தவில்லை.

ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, நாட்டில் குண்டுகள் வெடித்தன, முஸ்லிம் கடைகள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. அந்த நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. வகுப்பும் இல்லை. நான் காம்பராவுக்குள்ளேயே கிடந்தேன். ஒரு நாள் அம்மாவின் ஃபோனுக்கு கச்சேரிப் பையன் எடுத்தான்.

“நானா எல்லாத்தையும் அழிச்சுப் போட்டார். கேம் ஒண்டும் இல்லை. அஞ்சு கம்பியூட்டரும் துடைச்ச மாதிரி. அவற்ற கடையில வெடிச் சத்தம் கேட்டதெண்டு ஆரும் போய்ச் சொன்னால் அவர் முடிஞ்சார். அவர் அழுதவரடா. நீயும் வாய் திறக்காதை.”

“நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?”

“கல்லு மாதிரிக் கிட.”

சரி என்றேன். நானாவின் கம்பியூட்டர்களை நினைத்தேன், நானாவை நினைத்தேன், அவர் மகனை நினைத்தேன். என் பைக்குள் கிடக்கிற கொப்பியை நினைக்கவில்லை. இன்று வரை எனக்கு இது விளங்கவில்லை. அது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. சொந்த முதுகு மாதிரி.

வகுப்பு மீண்டும் தொடங்கிய முதல் சனிக்கிழமை, தனியாக அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, பைகளைத் திறந்து கையில் பிடித்தபடி நிற்க வேண்டும்.

பையைத் திறந்தபோதுதான் கொப்பியின் முதுகைக் கண்டேன்.

வலது பக்கம் கான். இடது பக்கம் பஸ். பின்னால் ஒரு சிப்பாய் வரிசையோடு மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். கொப்பியை எடுத்து எறிந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். எறியாவிட்டால் இன்னும் ஏழு பேர், பிறகு நான். ஆறு பேர். எனக்கு ஒன்றுக்கு வந்தது. யாருடைய பையிலோ கருவாட்டு வாசம். அசையாமல் இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை, அதைச் செய்தேன்.

பைகளைச் சோதித்த சிப்பாய்க்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். சோற்றுப் பார்சலைத் தூக்கிப் பார்த்தார். குடையை விரித்துப் பார்த்தார். கொப்பியை முன்னாலிருந்து புரட்டினார். இதயத்தின் குறுக்குவெட்டு, பூவின் பாகங்கள். தலையை ஆட்டி மூடினார். என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னால் நின்ற அப்பா திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், “மாத்தயா, பின்னுக்கும் பாருங்க. எம் மவன் நல்லா படம் வரைவான்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. கொப்பியைச் சிப்பாயின் கையிலிருந்து மரியாதையோடு வாங்கி, திருப்பி, கடைசிப் பக்கத்தைத் தன் கையாலேயே விரித்துக் காட்டினார்.

சிப்பாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்புகளைப் பார்த்தார். பெருக்கல் அடையாளங்களைப் பார்த்தார். டாங்கியை நான் நன்றாகத்தான் வரைந்திருந்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போய் யாரையோ கூப்பிட்டார்.

தகரம் அடித்த ஒரு கொட்டிலுக்குள் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். வெயிலில் தகரம் டிக் டிக் என்று வெடித்தது. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார், தலை நரைத்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகச் சத்தம் போட்டு வாசித்தார்.

“அலுவிகாரைப் பாலம். இரண்டு கண்ணிவெடி. விகாரைக்குப் பின்னால் நான். யட்டவத்தையிலிருந்து வரும். போக விடு. பின்னால் அடி.”

அந்தக் கொப்பிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவின் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“யார் எழுதினது இது?” என்றார் அதிகாரி.

கேம் என்று சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி, எங்கே விளையாடினாய்? அதற்குப் பதில் நானா. அந்த மாதத்தில், அந்தப் பெயருள்ள ஒரு மனிதரின் கடை. சொல்லாவிட்டால் இந்தக் கொட்டில், இதற்குப் பிறகு வேறு ஏதோ ஓர் இடம், அப்பாவும் கூடவே. நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

“நான்தாங்க எழுதுனேன்,” என்றார் அப்பா.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவின் கையைப் பார்த்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப் போன கை. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். கொப்பியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

“அப்ப எழுதுங்க பாப்பம். அலுவிகாரை.”

அப்பா பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்ற வேண்டும் என்பது கொஞ்சம் தாமதித்துத்தான் தெரிந்தது. கழற்றினார். குனிந்தார், நான் குனிகிற மாதிரியே. அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும். நாலே நாலு எழுத்து. அதை எழுதினார். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. நாலாவது எழுத்துக்குப் பிறகு பேனா நின்றது. பிறகு இன்னும் ஏதோ இருப்பது போலத் தாளின் மேல் ஒரு புள்ளி வைத்தார். மை பரவிக்கொண்டே இருந்தது. பேனாவை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

“கேம் சேர்,” என்றேன். “அது கம்பியூட்டர் கேம். நான்தான் எழுதுனேன். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எங்க விளையாடினது?”

சொன்னேன்.

அப்பாவைக் காப்பாற்றச் சொன்னேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு நிச்சயமில்லை. அந்தப் புள்ளியை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நானாவைக் கொண்டு வந்தார்கள். கடையைப் பூட்டக்கூட விடவில்லை போலிருக்கிறது, சாவிக் கொத்து கையிலேயே இருந்தது. அதிகாரி சொன்னார், கம்பியூட்டர் ஐந்தையும் பார்த்தாயிற்று, அப்படி ஒரு கேமும் இல்லை.

நானா அழித்தது தன்னைக் காப்பாற்ற. அவர் அழித்ததால் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. இதைவிடச் சின்னப் பொறியில் எலி கூட அகப்பட்டிருக்காது. இப்போது நானா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘இந்தப் பையனை எனக்குத் தெரியாது.’ கொட்டிலை விட்டு இறங்கிக் கடைக்குப் போய்விடலாம். நான் தரையைப் பார்த்தேன்.

“இவர் பொய் செல்லல்ல சேர்,” என்றார் நானா. “என்ட கடையிலதான் வெளயாடினது. நான்தான் அழிச்சேன். பயத்துல அழிச்சேன்.”

“பயப்பட என்ன இருக்கு?”

நானா லேசாகச் சிரித்தார். “இப்ப கேக்கிறீங்களே சேர், இதுக்குத்தான்.”

எங்களைப் பின்னேரம் விட்டுவிட்டார்கள். நானாவை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தாராம். அவரோடு தூக்கிக்கொண்டு போன பின்னறைக் கம்பியூட்டர்கள் அதற்குப் பிறகு திரும்பவில்லை. கச்சேரிப் பையனின் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். யார் சொன்னது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒரு தடவை நானாவைத் தெருவில் கண்டேன். நான் ஒதுங்குவதற்குள் கண்டுவிட்டார். “படிக்கிறீங்கதானே மகன்?” என்றார். தலையை ஆட்டினேன். போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒரு சட்டம் போட்டார். நான் எழுதுகிற எதுவும் அவர் காதில் விழாமல் பைக்குள் போகக் கூடாது. இரசாயனம், கணக்கு, சமயம், எல்லாவற்றையும் வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும். “எக்ஸ் சமன் நாலு” என்று வாசிப்பேன். “எக்ஸ்ஸுன்னா யாரு?” என்பார். விளக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் வரை, நாலு வருஷம், என் ஒவ்வொரு எழுத்தும் அவர் காது என்கிற கதவைத் தாண்டித்தான் வெளியே போனது. காம்பரா சுருங்கிக்கொண்டே வந்தது போல இருந்தது. கடிதம் எழுத ஒரு பெண்பிள்ளை இருந்தாள், எழுதவே இல்லை. பல்கலைக்கழகம் கிடைத்தபோது நீங்கள் சந்தோஷப்பட்டது வேறு காரணத்துக்காக. நான் சந்தோஷப்பட்டது, இனி மனதுக்குள் வாசிக்கலாம் என்பதற்காக.

இந்த விடுமுறையில் வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். நேற்றுப் பின்னேரம் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“என்னா எழுதுற?”

“பழைய கதப்பா.”

“வாசி.”

வாசித்தேன். டாங்கிக்குச் சிரித்தார். யாழ்ப்பாணத்துப் பையன் பேசுகிற இடத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். சோதனைச் சாவடி வந்தது. கொட்டில் வந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாக மடித்துக்கொண்டு, “கேம் சேர், என்றேன்” என்ற இடத்திலிருந்து தொடர்ந்தேன். முடியும் வரை கேட்டார்.

“பேனா குடுத்தாரே,” என்றார். “அது எங்க?”

மடித்த பக்கத்தின் மேல் கையை வைத்தேன்.

“எழுதலயா?”

“எழுதிருக்கேன்.”

“அப்ப வாசி.”

பக்கத்தைப் பிரித்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புள்ளி வைத்த இடம் தாண்டியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மூணு எழுத்துன்னு வாசிச்ச. எம் பேரு நாலு எழுத்து. நாலையும் எழுதுனேன். திருத்து.”

திருத்திவிட்டேன்.